நாற்பது லிட்டர் நன்னாரி சர்பத் கள்ளான கதை

போன சித்திரையில், ஏழூர்ப் பல்லக்கு எங்கள் ஊருக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது, விடிகாலை நாலு மணிக்கு ரேழியில் தடால் என்று ஒரு சத்தம். திருடன் என்று நினைத்து அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டாள். நான் விளக்கைப் போட்டேன். அம்மிக்குழவி தரையில் உருண்டு கிடந்தது, காவிச் சிமெண்டில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சர்பத் கேனின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்க, அதன் வழியாக நுரை பொங்கிக் கேனின் மேலெல்லாம் வழிந்து, நிலைப்படி வரைக்கும் ஓடியிருந்தது. எறும்புகளுக்கு யார் சொன்னார்களோ, எங்களுக்கு முன்பே வந்துவிட்டன. அம்மா மூக்கைச் சுளித்து, "ஏண்டி, கள்ளுக்கடை வாடை அடிக்குது" என்றாள். 1987லிருந்து கள்ளுக்குத் தடை இருக்கிற மாநிலத்தில், பள்ளிக்கூட டீச்சர் வீட்டு ரேழியில் நாற்பது லிட்டர். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிசுபிசுப்பில் உட்கார்ந்து அழுதேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்களுக்குத் திருக்கண்டியூர். திருவையாற்றில் புறப்படும் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி வழியாக எங்கள் ஊருக்கு வந்து, பூந்துருத்தி, தில்லைஸ்தானம் போய்த் திரும்பவும் ஐயாறு சேரும். மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 ஆகும். சித்திரையில் ஆறு முழுக்க மணல்தான். அந்தக் கொதிமணலில் இறங்கி ஏறி, பல்லக்குக்குப் பின்னாலும் முன்னாலும் ஜனம் நடந்து வரும். அவர்களுக்காக அப்பா வருஷா வருஷம் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போடுவார். பக்கத்தில் இருக்கிற திங்களூர்தானே அப்பூதி அடிகள் ஊர். அப்பர் மேல் இருந்த பக்தியில், பெற்ற பிள்ளைக்கும் வைத்த பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயர் வைத்த மனுஷர். "அவர் பக்கத்து ஊர்ல பொறந்துட்டு நாம தண்ணி கூடக் குடுக்கலேன்னா எப்படி" என்பது அப்பா வாடிக்கையாகச் சொல்வது. கார்த்திகையில் அப்பா போய்விட்டார். தம்பி சென்னையிலிருந்து ஐயாயிரம் அனுப்பி, "அக்கா, இந்த வருஷம் விட்டுடு" என்றான். நான் விடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. அதுதான் முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அப்போதைய மனநிலை அப்படி.

அப்பா கொடுத்தது நீர்மோர். பெரிய பித்தளை அண்டாவில் கலக்கி வைப்பார். அந்த அண்டாவுக்கு ஈயம் பூசிப் பல வருஷம் ஆகிவிட்டது, உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிகிறது. ஈயம் போன பித்தளையில் மோரோ எலுமிச்சையோ புளியோ, புளிப்பு எதுவும் வைக்கக்கூடாது. களிம்பு இறங்கி வாந்தி எடுக்க வைக்கும். அம்மா இதை மட்டும் கறாராகச் சொன்னாள். ஈயம் பூசுகிறவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. மோருக்குத் தயிர் சேர்ப்பதும் அன்றன்றைய வேலை, பள்ளியில் பரீட்சைத்தாள் திருத்தும் நேரத்தில் என்னால் ஆகாது. நன்னாரி சர்பத் என்றால் முன்கூட்டியே காய்ச்சி வைத்துக்கொள்ளலாம், அன்றைக்குத் தண்ணீர் விட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். பாட்டிலில் அடைத்தால் ஐம்பது பாட்டில் வேண்டும், கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும். எதற்கு அந்தப் பாடு, ஒரே பெரிய கேனில் ஊற்றிக் குழாயைத் திருகினால் வந்துவிட்டுப் போகிறது. ஐம்பது லிட்டர் வெள்ளைக் கேன், அடியில் குழாய், ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய். வாங்கி வந்தபோது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

சனிக்கிழமை காய்ச்சினேன். வியாழக்கிழமை பல்லக்கு. தஞ்சாவூர் கீழவாசலில் நாட்டு மருந்துக் கடையில் ஒன்றரைக் கிலோ நன்னாரி, ஆயிரத்து முந்நூற்றைம்பது. கழுவி, உரலில் தட்டி, நடுவில் இருக்கும் குச்சியை எடுத்துப்போட்டு, தோலை மட்டும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். வாசனை அந்தத் தோலில்தான் இருக்கிறது, குச்சி வெறும் விறகு. இந்த வரைக்கும் எல்லாம் சரி. தண்ணீர் இருபத்தைந்து லிட்டர். சர்க்கரைதான் வம்பு. ஒரு தண்ணீருக்கு இரண்டு சர்க்கரை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐம்பது கிலோ சர்க்கரையை நினைத்தாலே பயமாக இருந்தது, வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுகர் வேறு. இருபது கிலோ போதும் என்று முடிவு செய்தேன். பாதி ஆறின பிறகு நூற்றைம்பது எலுமிச்சம்பழம் பிழிந்து அதிலேயே ஊற்றினேன். கேனில் முக்காலுக்கு மேல் நிறைந்தது. மூடியை அழுத்தி, பூனை தட்டிவிடாமல் இருக்க அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேன் பக்கம் போனால் தூறல் விழுகிற மாதிரி மெல்லிய சத்தம். பல்லி என்று நினைத்தேன். திங்கட்கிழமை ருசி பார்க்கக் குழாயைத் திறந்தால் சீறிக்கொண்டு நுரையாக வந்தது. குடித்தேன். நாக்கில் சுர்ரென்றது. "சோடா சர்பத் மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன் பாருங்கள், அந்த வாயால்தான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும் என்று போன ஜூலையில்தான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். வீட்டில் நடக்கும்போது தெரியவில்லை. உங்கள் வீட்டில் காய்ச்சி வைத்த எந்தச் சர்பத்தாவது கேட்காமலே சோடா ஆனால், அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மூடியை உடனே தளர்த்துங்கள். வாய் குறுகின கேனோ பாட்டிலோ இறுக்கி மூடியிருந்தால் வெடிக்கவே வெடிக்கும். என் கேனுக்கு மூடி அகலம், அழுத்தி மூடுவது. அதனால் குழவியோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் செய்தது இன்னும் பைத்தியக்காரத்தனம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அத்தனையையும் அண்டா அண்டாவாக (எவர்சில்வர்தான்) அடுப்பில் ஏற்றினேன். நுரை பொங்கி அடுப்பு அணைந்தது மூன்று தடவை. சாராய வாடை போனது உண்மை, கூடவே நன்னாரி வாசனையும் போயிற்று. மிச்சம் இருந்தது புளிப்பும் கசப்பும். கசப்பு எலுமிச்சையால். சாற்றைப் பிழிந்து நாள்கணக்கில் வைத்தால் அது தானாகவே கசக்கும், நான் விதையும் தோலும் நசுங்க மிஷினில் போட்டுப் பிழிந்திருந்தேன். எலுமிச்சையைக் கொடுக்கிற அன்றைக்குப் பிழியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. நிறையத் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆனால் பல்லக்கோடு வருவதில் பாதி விரதக்காரர்கள், கைக்குழந்தைக்குக் கூட ஒரு வாய் ஊற்றுவார்கள். எதெல்லாம் அதில் வளர்ந்து கிடக்கிறதோ. அப்பா பெயரில் வைக்கிற பந்தல் அது. கொல்லையில் தென்னை மரத்தடியில் எல்லாவற்றையும் ஊற்றினேன். அதற்கும் யோசித்திருக்கலாம், ஒரு மாதம் அந்த மரத்துப் பக்கம் கால் வைக்க முடியாமல் எறும்பு.

அன்றைக்கு மத்தியானம்தான் வெட்கத்தை விட்டு, கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவர் பிள்ளை என்னிடம் படித்தவன். மாஸ்டர் சிரிக்கவில்லை. "சர்க்கரை எவ்வளவு போட்டீங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "அது சர்பத் இல்ல, சாராய ஊறல்" என்றார். சர்க்கரை குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று நினைக்கிறோமே, பாகு விஷயத்தில் கதை வேறு. பாகில் சர்க்கரைதான் காவல். நூறு கிராம் பாகில் அறுபத்தைந்து கிராமாவது சர்க்கரை இருந்தால், ஈஸ்டுக்கு வேண்டிய தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும், ஈஸ்ட் பெருகாது. சர்பத்துக்கு உணவுப் பாதுகாப்பு விதியில் இருக்கிற அளவும் அந்த அறுபத்தைந்துதான் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னுடையது இருபது கிலோ சர்க்கரை, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர், எலுமிச்சைச் சாறு நாலரை லிட்டர்: கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது. சுகர்காரர்களுக்குக் குறைக்க வேண்டுமானால் தம்ளரில் ஊற்றுகிற பாகைக் குறைக்க வேண்டும், பாகுக்குள் குறைக்கக்கூடாது. அதோடு, கழுவாத எலுமிச்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கும். காய்ச்சி இறக்கின பாகில் அதைப் பச்சையாக ஊற்றி, நானே விதை போட்டு வைத்திருக்கிறேன். சித்திரை வெக்கையில் வேறென்ன வேண்டும்?

மாஸ்டர் கற்றுக்கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது தராசு. கம்பிப் பதம், பிசுக்குப் பதம் என்று கை பார்த்துச் சொல்ல எல்லோருக்கும் வராது. ஆறின பாகைச் சரியாக ஒரு லிட்டர் அளந்து நிறுத்துப் பாருங்கள், பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு. ஒரு கிலோ முந்நூற்றிருபது கிராமுக்குக் குறையாமல் நின்றால் வைக்கலாம். குறைந்தால் மறுபடி அடுப்பு. சூடாக நிறுக்காதீர்கள், கணக்குத் தப்பும். காய்கறிக்கு வாங்கி வைத்த சின்ன எலெக்ட்ரானிக் தராசே போதும். பிரிசர்வேட்டிவ் போடலாமா என்று கேட்டேன். சோடியம் பென்சோயேட் புளிப்பு இருக்கிற பாகில்தான் வேலை செய்யும், கிலோவுக்கு அரை கிராம் சொச்சத்துக்கு மேல் போகக்கூடாது, கை அளவில் போடுகிற சமாச்சாரம் இல்லை, இரண்டு நாள் வைக்கிற பாகுக்கு அது எதற்கு என்றார். போடவில்லை.

புதன்கிழமை லீவு போட்டேன், வருஷத்தில் மிச்சம் இருந்த ஒரே லீவு. மறுபடி கீழவாசல், ஒரு கிலோ நன்னாரி. ராத்திரி ஊறவைக்க நேரமில்லை, வெந்நீர் ஊற்றி மூடி ஐந்து மணி நேரம். பத்து லிட்டர் வடிநீருக்கு இருபது கிலோ சர்க்கரை. வேரைத் தளதளவென்று கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், அதனால் சர்க்கரைப் பாகைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, கடைசியில் வடிநீரை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். காய்ச்சும்போதே நாலு எலுமிச்சைச் சாறு விட்டால் ஆறின பிறகு சர்க்கரை பூத்துக் கல்லாகாது. அந்த அளவுக்கு எலுமிச்சை அடுப்பில் இருக்கலாம். இருபத்திரண்டு லிட்டர் வந்தது, ஒரு தம்ளருக்கு முப்பது மில்லி என்றால் எழுநூறு தம்ளருக்கு மேல். நீர்த்த நாற்பதைவிடக் கெட்டியான இருபத்திரண்டு மேல், இடமும் கம்மி.

எதில் வைப்பது? அந்தப் பெரிய கேன் பக்கமே போகவில்லை. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பழைய ஈஸ்ட் ஒளிந்திருக்கும், குழாயின் ரப்பர் வாஷருக்கு அடியில் அதைவிட அதிகம். வாஷரைக் கழற்றிப் பார்த்தேன், பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. வாங்கி வந்த அன்று அதைக் கழற்றிக் கழுவத் தோன்றவில்லை. இந்தத் தடவை அம்மாவின் எவர்சில்வர் தூக்குகள், சம்படங்கள், ஐந்து லிட்டர் அளவில் ஐந்து. வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, ஈரம் துளிகூட இல்லாமல். எதைத் திறக்கிறோமோ அதுதான் காற்றுப்படும், மற்றது மூடியபடி இருக்கும். ஒன்று கெட்டாலும் நாலு மிஞ்சும். பாட்டிலில் அடைக்காமல் இருக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி இதுதான், ஒரே பாத்திரத்தை நம்பாதீர்கள். கழுத்து வரைக்கும் நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடக்கூடாது, நான் சனிக்கிழமை செய்த இன்னொரு தப்பு அது: அரைச்சூட்டில் மூடினால் மூடியின் அடியில் வேர்த்து, அந்த நீர் சொட்டிப் பாகின் மேல் மெல்லிய நீர்த்த படலமாக நிற்கும். அடியெல்லாம் கெட்டியாக இருந்தாலும் பூஞ்சை அந்த மேல்படலத்தில் பிடித்துவிடும். வெள்ளைத்துணி கட்டி ஆறவிட்டு, பிறகு மூடி, எறும்புக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன். எடுக்க ஒரு கரண்டி தனியாக, ஈரம் படாமல்.

வியாழக்கிழமை கதை வேறு. பாகை அப்படியே குழாய் வைத்த எதிலும் ஊற்றாதீர்கள், குழாய் மூக்கில் தங்கும் சொட்டுதான் ஈக்களுக்கு அழைப்பு. குழாய் டிரம்மில் கலந்த சர்பத் மட்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவு. பல்லக்கு வரும் நேரம் முன்னே பின்னே ஆகும் என்று தெரிந்தும், முதல் தடவை முப்பது லிட்டர் மொத்தமாகக் கலந்தேன். வாடகை எவர்சில்வர் டிரம், அடியில் குழாய். பாகு கனம், தண்ணீர் லேசு. டிரம்மில் பாகை முதலில் ஊற்றி மேலே தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன், போதும் என்று நினைத்தேன். முதல் இருபது பேருக்கு நாக்கு ஒட்டுகிற தித்திப்பு. அதற்கப்புறம் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர். பூந்துருத்தியிலிருந்து வந்த ஒரு பெரியவர் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அவர் கேலி செய்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு பாகை ஒரு வாளித் தண்ணீரில் முழுசாகக் கரைத்து அப்புறம் டிரம்மில் சேர்த்தோம், அரைமணிக்கு ஒரு தடவை நீளக் கரண்டியால் அடியிலிருந்து தூக்கிக் கலக்கினோம். எலுமிச்சையை அந்தந்தக் கலவைக்கு அப்போதே பிழிந்தோம்.

ஐஸ் போடவில்லை. மீனுக்குப் போடுகிற பார் ஐஸ்தான் அவசரத்துக்குக் கிடைக்கும், அதைக் குடிக்கிற தண்ணீரில் போட மனசு வரவில்லை. முந்தின ராத்திரியே ஆறு மண்பானையில் தண்ணீர் ஊற்றி மணல் மேல் வைத்திருந்தேன், கலக்க அந்தத் தண்ணீர். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. எவர்சில்வர் தம்ளர் அறுபது வாடகைக்கு எடுத்தேன். கழுவ ஆள் வேண்டும் என்பதை மறந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன். ஈ தம்ளர் கழுவும் இடத்துக்குத்தான் பறக்கும், அதைப் பந்தலிலிருந்து தள்ளி வையுங்கள்.

நஷ்டக் கணக்கு: நன்னாரி 1,350, சர்க்கரை 900, எலுமிச்சை 900, கேன் 1,150. ஆக 4,300. அரை சிலிண்டர் காஸ், ஒரு லீவு, பெயர்ந்த தரை தனி. கேனில் இப்போது மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அன்றைக்கு ஒரு சம்படம் திறக்காமலே மிஞ்சியது. வெளியேதான் வைத்திருந்தேன், பிரிட்ஜில் இடமில்லை. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. சித்ரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறபோது அந்தச் சம்படத்தையும் எடுத்துப் போனோம். மூடியைத் திறக்கும்போது என் கை நடுங்கியது. சத்தம் இல்லை, நுரை இல்லை. அடியில் கொஞ்சம் சர்க்கரை பூத்திருந்தது, அவ்வளவுதான். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுத்த வருஷம் மோரே போதும், அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் பாரு" என்றாள். இரண்டாவது தம்ளருக்குக் கையையும் நீட்டினாள்.